ஆயிரம் நாள் கொழுந்துக்கு ஒரு பட்டமா?



போன மாதம் சம்பள நாளன்று பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அவருடைய மகன் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வெட்டுப்புள்ளி சில தசமங்களால் தவறிப் போனது. இப்போது கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டே ஒரு தனியார் கல்லூரியில் பட்டப்படிப்புப் படிக்கிறான்.

"டீச்சர், எனக்கு அம்பது முடிஞ்சிருச்சு. பேர வெட்டிட்டு ஈ.பி.எப். காச எடுத்தா மகனோட காலேஜுக்குக் கட்டிறலாம்னு சொல்றாங்க. எடுக்கட்டுமா?"

இருபத்தெட்டு வருடம் கொழுந்துக் கூடை சுமந்த பெண் கேட்ட கேள்வி அது. "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அந்த யோசனையில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க வேலையாகக் கொழும்புக்குப் போனபோது அந்தப் பையனைத் தேடிப் போனேன். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடை. கடைக்கு மேலே ஒரு அறையில் நாலு பையன்கள் படுக்கிறார்கள். நாலு பேரும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள். கிழமைக்கு ஆறு நாள் கம்பியும் சீமெந்தும் தூக்குகிறான். ஞாயிறு காலையில் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வகுப்புக்குப் போகிறான். நானும் அவனோடு பஸ் ஏறினேன். காலி வீதியில் இறங்கியதும் தலைக்கு மேலே பலகைகள்தான் கண்ணில் பட்டன. இங்கிலாந்துப் பட்டம், மூன்று வருடத்தில் பட்டம், இரண்டே வருடத்தில் பட்டம், தவணை முறையில் பட்டம். புடைவைக் கடைக்கு மேலே ஒரு கல்லூரி, சாப்பாட்டுக் கடைக்கு மேலே இன்னொன்று.

வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து பற்றுச்சீட்டுகளை எடுத்துக் காட்டினான். பதிவுக் கட்டணம், பாடக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான கட்டணம், பரீட்சைக் கட்டணம், தாமதக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டினால் படிப்பு முடியும்வரை 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. மூன்றாவது தவணை பிந்திவிட்டது. கட்டாவிட்டால் பரீட்சை எழுத அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் தோடு ஏற்கனவே அடகுக் கடையில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம்

2024 செப்டெம்பரில் வர்த்தமானி நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. 13 இலட்சத்து 50 ஆயிரத்தை 1,350 ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக ஆயிரம் வருகிறது. ஆயிரம் பேர், அரைப் பேர் ஒன்றுகூட இல்லாமல் ஆயிரம் முழுப் பேர்.

மாதம் 25 பேர் கிடைத்தால் அது நாற்பது மாதம். பையனின் படிப்போ 36 மாதம். மூன்று வருடப் படிப்புக்கு அம்மா மூன்று வருடமும் நாலு மாதமும் கொழுந்து பறிக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, ஒருவருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, ஒரு மரண வீட்டுக்கும் போகக்கூடாது. 25 பேருக்கு 33,750 ரூபா என்றால், ஈ.பி.எப். 8 வீதமாக 2,700 போய்க் கையில் மிஞ்சுவது 31,050. அதிலும் கடைப் பற்றும் சீட்டுக்காசும் போகும். மழைக்காலத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுகிறார்களே, அதையெல்லாம் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இது இலவசக் கல்வி உள்ள நாடு என்றுதான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சட்டத்திலும் அது இன்னும் இருக்கிறது. அப்படியானால் இந்த ஆயிரம் பேர் எங்கிருந்து வந்தது?

இலவசக் கல்விக்குக் காசு கொடுத்தவர்கள் யார்?

கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று அது. ஆசியாவில் பல நாடுகள் நினைத்தும் பார்க்காத காலத்தில் வந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெருமைக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

அந்த நாட்களில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றிலிருந்தும் வந்தது. அதில் பெரிய பங்கு தேயிலைக்கு. ஏற்றுமதித் தீர்வையாக அரசின் பெட்டிக்குள் விழுந்த காசில் நம் பாட்டன் பாட்டியின் வியர்வை இருந்தது. அந்தக் காசில் நாடெங்கும் பள்ளிக்கூடம் கட்டினார்கள், பேராதனையில் பல்கலைக்கழகத்தை எழுப்பினார்கள்.

நமக்கு என்ன கிடைத்தது? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கிடைத்தது. சுமார் ஏழு இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனோம். நம்முடைய பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1960, 1961 இல் நாட்டின் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகளை வெளியே விட்டுவிட்டார்கள். 1970களில், அதிலும் பெருவாரியாக அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான், நம் பள்ளிக்கூடங்கள் அரசின் கைக்கு வந்தன.

ஆக, இலவசக் கல்விக்கு முதலில் காசு கொடுத்தவர்களில் நாம் இருந்தோம். அதைக் கையில் வாங்கியவர்களில் கடைசியாக நின்றோம், அதுவும் முப்பது வருடம் பிந்தி. நம்முடைய பிள்ளைகள் படியேறி வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் வாசல் ஒடுங்கத் தொடங்கியிருந்தது.

வாசல் ஒடுங்கிய கதை

இலவசக் கல்வியை எந்த அரசும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. ஒழித்திருந்தால் நாடு எரிந்திருக்கும். அதனால் இலவச இருக்கைகளின் எண்ணிக்கையைத் தேவைக்கு ஏற்ப வளர விடாமல் வைத்தார்கள். பள்ளிக்கூடம் பெருகியது, படித்த பிள்ளைகள் பெருகினார்கள், பல்கலைக்கழக இடம் மட்டும் அந்த வேகத்தில் பெருகவில்லை. 1970களில் இருந்த கொஞ்ச இடத்தைப் பங்கு போடத் தரப்படுத்தல் வந்தது. இனத்துக்கு இனம், மாவட்டத்துக்கு மாவட்டம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். இடம் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி அந்தச் சண்டையில் காணாமல் போனது.

இன்றைய நிலை என்ன? ஒவ்வொரு ஆண்டும் உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உள்ளே எடுக்கப்படுகிறவர்கள் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். தகுதி இருந்தும் வெளியே நிற்கிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு இலட்சம். இவர்கள் பரீட்சையில் தோற்றவர்கள் இல்லை, "நீ படிக்கத் தகுதியானவன்" என்று அரசே கடிதம் கொடுத்தவர்கள். இந்த ஒரு இலட்சம் பேர் நிற்கிற வரிசைதான் வெள்ளவத்தையில் பலகை மாட்டியிருப்பவர்களின் மூலதனம். வரிசை நீளும்போது விலை ஏறும். தீபாவளிக்கு முதல் நாள் புடைவைக் கடையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

இதற்கான பாதையையும் படிப்படியாக வெட்டினார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ராகமவில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி கட்டணத்துக்குத் திறக்கப்பட்டது. 1981 இல் கல்வி வெள்ளை அறிக்கை வந்து, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. 1985 இல் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனங்களும் பட்டம் வழங்க வழி செய்தார்கள். மாணவர் போராட்டங்களில் உயிர்களும் போயின. 1989 இல் ராகமக் கல்லூரியை அரசு பொறுப்பேற்றது. இன்று அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம். அதே கதை மாலபேயில் சைட்டம் என்ற பெயரில் திரும்பவும் வந்து, பெரும் போராட்டத்துக்குப் பிறகு 2017 இல் அதை இல்லாமல் ஆக்குவதாக அரசு அறிவித்தது.

மருத்துவத்துக்கு மட்டும் இவ்வளவு சத்தம். நம் பிள்ளைகள் போகிற முகாமைத்துவம், கணக்கியல், கணினிப் படிப்புகளுக்கு யாரும் சத்தம் போடவில்லை. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே விற்கிற பல கல்லூரிகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த வியாபார நிறுவனங்கள். கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை வீதம் ஏற்றலாம், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று அவர்களைக் கேட்க யாரும் இல்லை. தேயிலைத் தூளுக்கு ஏலம் இருக்கிறது, ஒரு சபை இருக்கிறது. பாணின் நிறையைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். பிள்ளையின் படிப்பைப் பார்க்க யார் வருகிறார்கள்?

பவுணில் விலை, ரூபாவில் சம்பளம்

"எல்லா நாட்டிலும் படிப்புச் செலவு கூடித்தானே இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தால் அதே ஆட்களைக் கொண்டு இரண்டு மடங்கு தூள் அரைக்கலாம். வகுப்பறையில் அது நடக்காது. முப்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அன்றும் ஒரு ஆசிரியர் வேண்டும், இன்றும் ஒரு ஆசிரியர் வேண்டும். அவருடைய சம்பளம் நாட்டு விலைவாசியோடு ஏறத்தான் வேண்டும். ஆகவே படிப்புச் செலவு மெல்ல மெல்ல ஏறும். நம் கொழுந்து பறிப்பும் அப்படித்தான். கையால் செய்கிற வேலையை அவசரப்படுத்த முடியாது.

ஆனால் மெல்ல ஏறுவது வேறு, பாய்வது வேறு. இந்தப் பட்டங்கள் பிறந்த இங்கிலாந்தையே பாருங்கள். 1998 வரை அந்த நாட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் பாடக் கட்டணம் கட்டவில்லை. 1998 இல் வருடத்துக்கு 1,000 பவுண். 2006 இல் 3,000. 2012 இல் 9,000. பதினாலு வருடத்தில் ஒன்பது மடங்கு. பாடம் ஒன்பது மடங்கு நன்றாக நடந்ததா? ஆசிரியரின் சம்பளம் ஒன்பது மடங்கானதா? இல்லை. அரசு கற்பித்தலுக்குக் கொடுத்து வந்த மானியத்தை வெட்டிவிட்டு, அந்தப் பாரத்தைத் தூக்கி மாணவரின் தோளில் வைத்தது. செலவை ஏற்கிற ஆள் மாறினார், அதைத்தான் விலை ஏறியது என்று சொல்கிறார்கள். ஜேர்மனியில் சில மாநிலங்கள் கட்டணத்தைக் கொண்டு வந்து பார்த்தன. மக்கள் எதிர்த்தார்கள். 2014 உடன் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. ஏற்றியதை இறக்கவும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

அந்த இங்கிலாந்தின் பட்டத்தைத்தான் கொட்டாஞ்சேனைப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்குகிறான். அவன் கட்டும் காசில் ஒரு பகுதி ரூபாவில், இன்னொரு பகுதி பவுணில். 2022 தொடக்கத்தில் சுமார் 270 ரூபாவாக இருந்த ஒரு பவுண், அந்த வருட நடுப்பகுதியில் 430 ரூபாவைத் தாண்டியது. பாடம் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை, விலை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது. அப்போது நம்முடைய நாட்சம்பளம்? 2021 இல் வாங்கிய 1,000 ரூபா 2024 செப்டெம்பர் வரை 1,000 ரூபாவாகவே இருந்தது. கட்டணம் பவுணோடு ஏறுகிறது, சம்பளம் வர்த்தமானிக்காகக் காத்துக் கிடக்கிறது. நாம் பறிக்கிற தேயிலையும் டொலருக்குத்தான் விற்கிறது என்பதை மறக்க வேண்டாம். டொலர் ஏறினால் கம்பனிக்கு ரூபா கூடுகிறது. அதே டொலர் ஏறினால் நம் வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

இதற்கு மருந்தாக 2017 இல் வட்டியில்லா மாணவர் கடன் வந்தது. தொடக்கத்தில் 8 இலட்சம் வரை. பிள்ளை தனியார் நிறுவனத்தில் படிக்கலாம், வட்டியை அரசு கட்டும். இதனால் பயன் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இலவச இருக்கை ஒன்றைக் கூட்டுவதற்குப் போக வேண்டிய பொதுப் பணம், கட்டண இருக்கை ஒன்றை நிரப்பப் போகிறது. பிள்ளை பட்டத்தோடு கடனையும் சேர்த்து வாங்கி வருகிறது. நம் முன்னோரைத் துண்டு முறையில் கடனோடு கப்பலேற்றினார்கள். அந்தக் கடனை அடைக்க அவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்.

காசு வகுப்பறைக்கு முன்பே தொடங்குகிறது

கட்டணக் கதை பட்டப்படிப்பில் தொடங்குவதில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் முழுமையாகக் கற்பிக்கிற பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். மற்றப் பிள்ளைகள் கலைப் பிரிவுக்குப் போகிறார்கள், அல்லது ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ டியூஷனுக்கு ஓடுகிறார்கள். வெள்ளவத்தையில் விடுமுறைக் காலத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற மலையகப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அறை வாடகை, சாப்பாடு, வகுப்புக் காசு, பிரதி எடுத்த குறிப்புகளுக்குக் காசு. பல்கலைக்கழகம் இலவசம்தான். அதன் வாசல்வரை போகிற பாதைக்குத்தான் காசு.

பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கு 5 வீத ஒதுக்கீடு இருக்கிறது, நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அதில் இருக்கின்றன. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கு. மாவட்டத்துக்குள்ளேயே நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியரைக் கண்ணால் காணாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும்.

ஆசிரியர் ஏன் இல்லை? அதை என்னிடம் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முன்னர் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களில் நானும் ஒருத்தி. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்பு 10,000 ஆனது. என்னோடு வந்தவர்களில் சிலர் பஸ் காசுக்கே போதாமல் விட்டுப் போனார்கள். ஆசிரியருக்கு மிச்சம் பிடித்த காசை இன்று பெற்றோர் டியூஷன் வகுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"அரசிடம் காசில்லை" என்பவர்களுக்கு

1960களில் இந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 வீதத்துக்கு மேல் கல்விக்குப் போனது. அன்று நாம் பணக்கார நாடாக இருக்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் அது 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று நம் சங்கங்கள் எதுவும் பெரிதாக அவர்களோடு நிற்கவில்லை.

காசில்லை என்கிறவர்கள் நம்மிடம் வரி எடுக்க மறக்கவில்லை. பெறுமதி சேர் வரி 2022 நடுவில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, பிறகு 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. லயத்துக் காம்பராவில் வாங்குகிற சவர்க்காரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் போன் ரீலோடுக்கும் நாம் கட்டுகிற வரி, கொழும்பு ஏழில் மாளிகையில் இருக்கிறவர் கட்டுகிற அதே வீதம். வரியாக ஒரு தடவை கொடுத்துவிட்டோம். அதே படிப்புக்குக் கட்டணமாக இரண்டாம் தடவையும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு வாதமும் இருக்கிறது: "இலவசப் பல்கலைக்கழகத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தானே அதிகம், அவர்களுக்கு ஏன் ஏழையின் வரியில் படிப்பு?" இதைச் சொல்கிறவர் ஏழைக்காகப் பேசுவது போலத் தெரியும். ஆனால் வசதியான பிள்ளை உள்ளே போனதற்குக் காரணம், ஏழைப் பிள்ளையின் பாடசாலையில் ஆசிரியர் இல்லாதது. அதற்குப் பரிகாரம் ஆசிரியரை அனுப்புவது. வாசலில் பணப்பெட்டியை வைத்தால், இப்போது உள்ளே போகிற பத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் வெளியே வந்துவிடுவார்கள்.

"அப்படியானால் தனியார் கல்லூரிகளை எல்லாம் நாளைக்கே மூடச் சொல்கிறீர்களா?" இல்லை. மூடினால் கொட்டாஞ்சேனைப் பையனின் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். வரிசையைக் குறையுங்கள், வரிசையில் நிற்கிறவரின் பையில் கைவிடுவதற்கு ஒரு எல்லை போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். தமிழ்நாட்டில் 2020 இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 வீத இடம் ஒதுக்கினார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். மனம் இருந்தால் செய்யலாம்.

நம் பக்கத்துத் தவறு

இதையெல்லாம் அரசின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நான் தப்பிக்கக்கூடாது. மாதாமாதம் சந்தா வாங்குகிற சங்கங்களில் ஒன்றில்தான் நானும் இருக்கிறேன். கூட்டு ஒப்பந்தக் காலம் முழுக்க நாட்சம்பளத்தைப் பேசினோம், கிலோவைப் பேசினோம். பேச வேண்டியவைதான். ஆனால் அந்தச் சம்பளம் வீட்டுக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்று பேசியது குறைவு. நூறு ரூபா உயர்த்திக் கொடுத்ததாக நாம் மாலை போட்டுக்கொண்ட வருடத்திலேயே அந்த நூறு ரூபாவை டியூஷன் வகுப்பு வாங்கிக்கொண்டது. மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற பேச்சைத் தேர்தல் மேடைகளில் பல தடவை கேட்டுவிட்டோம். மேடையிலிருந்து அதைக் கீழே இறக்க நாம் ஒரு நாளாவது வேலைநிறுத்தம் செய்தோமா?

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு இவையும் மேசைக்கு வர வேண்டும்:

ஒன்று. தோட்டப் பிள்ளைகள் நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில், ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழில் விஞ்ஞான, கணித உயர்தரப் பிரிவு. அதற்கு ஆசிரியர், அந்த ஆசிரியருக்கு வாழக்கூடிய சம்பளம்.

இரண்டு. அரச பல்கலைக்கழக இருக்கைகளை வருடா வருடம் கூட்டுகிற, திகதி போட்ட திட்டம். கூட்டப்படுகிற இடங்களில் தோட்டப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு ஒரு பங்கு.

மூன்று. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. வரவேற்கிறோம். தூர இடத்திலிருந்து வந்து அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு அது அறை வாடகைக்கே போதாது. விலைவாசியோடு அது தானாக ஏற வேண்டும்.

நான்கு. பட்டம் விற்கிற எல்லா நிறுவனங்களையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டு வந்து, முழுக் கட்டணத்தையும் ரூபாவில் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கச் செய்ய வேண்டும். படிப்பு முடியும்வரை அதை ஏற்றக்கூடாது. தவணை பிந்தியதற்காகப் பரீட்சையைத் தடுக்கக்கூடாது.

இவை தோட்டத்துக்கு மட்டும் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மொனராகலையில் சேனை செய்கிற சிங்களத் தாயின் பிள்ளையும், மன்னாரில் மீன்பிடிக்கிறவரின் பிள்ளையும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். தரப்படுத்தல் காலத்தைப் போல நம்மை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட இனி இடம் கொடுக்கக்கூடாது.

அந்த அக்காவுக்கு

அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதோ சொல்கிறேன். பேரை வெட்ட வேண்டாம். ஈ.பி.எப். காசு உங்களுடைய முதுமைக்கான சோறு. அதை ஒரு தடவை எடுத்தால் திரும்பச் சேராது. தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் நாளைக்குக் காம்பராவைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். உங்கள் மகனும் நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் என்னிடம் சொன்னான். அதை உங்களிடம் நேரில் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

தாமதக் கட்டணத்தை நீக்கி, மிச்சத்தைச் சிறு தவணைகளாகப் பிரித்து, பரீட்சை எழுத விடும்படி கேட்டுச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் அந்தக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறோம். இதை எழுதுகிற வரை பதில் வரவில்லை. பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பதில் வராவிட்டால் நாலு பேராக நேரில் போவோம்.

மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன்னும் கையெழுத்துப் போடாமல் நாலு கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? தொடக்கத்திலிருந்து முடிவு வரை மொத்தம் எவ்வளவு? அதில் எவ்வளவு வெளிநாட்டுக் காசில்? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், இருந்து வாசித்துச் சொல்கிறோம்.

ஏற்கனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் பற்றுச்சீட்டுகளின் பிரதியை இந்த மாத முடிவுக்குள் உங்கள் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுங்கள். மலையகம் முழுக்க எத்தனை ஆயிரம் பேர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போகிறது என்று நாம் கணக்கெடுக்கப் போகிறோம். அடுத்த தடவை அமைச்சரின் முன்னால் உட்காரும்போது பேச்சோடு மட்டும் போக மாட்டோம். அந்தச் சீட்டுக் கட்டையும் மேசையில் வைப்போம்.